தட்டும் இரண்டு கைகளும்: ஆற்றில் தங்கம் அரிக்க விதி என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கலிபோர்னியாவின் கொலோமாவுக்குப் போய் ஆற்றில் தங்கம் அரித்துப் பார்த்த வாசகி ஒருவரின் பயணக் குறிப்பு சென்ற இதழில் வெளியானது. அதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆசிரியர் அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டார். கோலார் தங்க வயலில் நிலவியலாளனாகக் காலம் தள்ளிவிட்டு, இப்போது சேக்ரமெண்டோ பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன் என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் இந்த ஆறுகளில் நின்றிருக்கிறேன், அறிவிப்புப் பலகைகளைக் கடைசி வரி வரை படிக்கும் பழக்கமும் உண்டு.

ஐயா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொலோமா போகப் போகிறோம். தங்கம் அரிக்க லைசென்ஸ் வாங்க வேண்டுமா? தோட்டத்தில் இருக்கும் சிறிய மண்வெட்டியையும் சல்லடையையும் எடுத்துப் போகலாமா?
– வாசகி, சன்னிவேல்

லைசென்ஸ் வேண்டியதில்லை அம்மா. மண்வெட்டியையும் சல்லடையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நீங்கள் போகும் இடம் மார்ஷல் தங்கக் கண்டுபிடிப்பு மாநில வரலாற்றுப் பூங்கா. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல், தாம் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை ஆலையின் வாய்க்காலில் மின்னும் துகள்களைப் பொறுக்கியது அங்கேதான். அமெரிக்கன் ஆற்றின் தென்கிளை பூங்காவின் நடுவே ஓடுகிறது. அருங்காட்சியகம் இருக்கும் கரையில் தங்கம் அரிக்கக் கூடாது. பாலத்தைக் கடந்து எதிர்க் கரைக்குப் போனால், பூங்காவினர் குறித்துக் கொடுத்திருக்கும் பகுதி இருக்கிறது. அங்கே தட்டையும் கைகளையும் மட்டும் பயன்படுத்தலாம். கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களின் விதிப்படி, அரிப்புத் தட்டைத் தவிர வேறு எந்தக் கருவியும் கூடாது. கடற்கரையில் குழந்தைகள் மணல் அள்ளும் பிளாஸ்டிக் கரண்டியும் கருவிதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும், ரேஞ்சர் சமாளிக்க மாட்டார்.

அந்த விதியில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்கும் மணல், சரளைத் திட்டுகளில் மட்டுமே கை வைக்கலாம். புல்லும் வேரும் பிடித்த மேல் கரையைத் தோண்டக் கூடாது. ஒருவர் ஒரு நாளில் எடுத்துப் போகக்கூடிய கனிமப் பொருளின் எடை 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தங்கம் அத்தனை கிடைத்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த வரம்பு உண்மையில் கல்லுக்கும் மணலுக்குமானது.

வெள்ளம் வந்து போகும் திட்டை நீங்கள் கையால் கிளறினால், அடுத்த குளிர்கால வெள்ளம் அதைச் சமன் செய்துவிடும். கரையை மண்வெட்டியால் குடைந்தால் ஆறு அதைச் சரிசெய்யாது. குடைந்த இடத்தில் தண்ணீர் புகுந்து மரத்தைச் சாய்க்கும். விதியை எழுதியவர் ஆற்றங்கரையில் நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசாங்க விதிகளைப் பற்றி நான் இப்படிச் சொல்வது அபூர்வம்.

முதல் முறை என்றால் பூங்காவிலேயே தண்ணீர்த் தொட்டி வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, அரிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். உங்கள் அம்மா அரிசியில் கல் அரித்ததைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே அடியில் தங்கும் கல்லை விட்டுவிட்டு அரிசியை எடுத்துக்கொள்வோம், இங்கே மேலே இருப்பதைத் தண்ணீரோடு போகவிட்டு அடியில் தங்குவதை வைத்துக்கொள்கிறோம். தங்கத்தின் எடை தண்ணீரைப் போல 19 மடங்கு. சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். எனவே அவசரப்படாமல் குலுக்கினால் தங்கம் தானாகவே அடிக்குப் போகும்.

என் மகன் ஃபோல்சமில் இருக்கிறான். பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கிறேன். நான் ஆற்றில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேலை செய்ததாக எடுத்துக்கொள்வார்களா? மருமகள் பயப்படுகிறாள்.
– வாசகர், மதுரை (தற்போது ஃபோல்சம்)

மருமகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாநிலப் பூங்காவில் பொழுதுபோக்காக அரிப்பதற்கு யாரும் குடியுரிமை கேட்பதில்லை. அரித்ததை விற்கக் கூடாது, வியாபாரமாகச் செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. அதற்குள் நின்றால் அது சுற்றுலாதான்.

இதே கேள்வியை 1850-இல் கேட்டிருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அந்த ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கம் எடுப்பவர்கள் மாதம் 20 டாலர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அன்றைக்கு அது பெருந்தொகை. மெக்சிகோ, சிலி நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் கூட்டம் கூட்டமாகத் தங்க வயல்களை விட்டுப் போனார்கள். அவர்களை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள் வியாபாரம் இல்லாமல் கூச்சல் போட, அடுத்த ஆண்டே வரியை நீக்கினார்கள். 1852-இல் அது மாதம் மூன்று நான்கு டாலராக மறுபடியும் வந்தது. இந்த முறை சுமை பெரும்பாலும் சீனர்கள் தலையில் விழுந்தது. வெள்ளைக்காரர் விட்டுப் போன திட்டுகளைப் பொறுமையாக மறுபடி அரித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். வரி வசூலிப்பவன் ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்து வாங்கிய கதைகளும் உண்டு. இத்தனைக்கும் வரி போட்டவர்களே அங்கே வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கொலோமா பள்ளத்தாக்கில் காலங்காலமாக வாழ்ந்திருந்த நிசெனன் மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அந்தப் பாகுபாட்டின் மிச்சம் இன்றும் சட்டத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, நிலத்தில் 'கிளெய்ம்' போட்டு, இந்த இடத்துக் கனிமம் எனக்கு என்று பதிவு செய்துகொள்ள, அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகும் எண்ணத்தை முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். நீங்கள் கிளெய்ம் போட வரவில்லை, பேரனோடு தண்ணீரில் நிற்க வந்திருக்கிறீர்கள்.

சார், மாநிலப் பூங்காவில் அரிக்கலாம் என்றால் யோசமிட்டியிலும் அரிக்கலாம்தானே? எல்லாம் அரசாங்கப் பூங்காதானே?
– வாசகர், பிளசன்டன்

தம்பி, எனக்கு வந்த கடிதங்களில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆறு ஒன்றாகவே இருக்கும். அது ஓடும் நிலம் பத்து மைலுக்குள் நான்கு பேருடையதாக இருக்கும். தட்டை நனைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என் காலடியில் இருக்கும் நிலம் யாருடையது?

யோசமிட்டி தேசியப் பூங்கா. தேசியப் பூங்காக்களில் பொதுவிதி, ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பது. அங்கே தங்கம் அரிக்க முடியாது. விலக்காக, ரெடிங் நகரத்துக்கு அருகில் இருக்கும் விஸ்கிடவுன் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தட்டால் அரிக்கலாம். அதை நடத்துவதும் தேசியப் பூங்காத் துறைதான். ஒரே துறை, ஒரே சீருடை, இரண்டு விதி. அலாஸ்காவில் சில தேசியப் பூங்காக்களிலும் கையில் பிடிக்கும் தட்டுக்கு இடம் உண்டு.

தேசியக் காடு வேறு. தாஹோ, எல்டோராடோ, பிளூமாஸ் காடுகள் பூங்காத் துறையின் கீழ் வருவதில்லை, வனத்துறையின் கீழ் வருகின்றன. அங்கே 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சுரங்க வேலைக்கு மூடப்படாத இடங்களில் தட்டையும் கைக்கருவிகளையும் வைத்துச் சிறிய அளவில் அரிப்பதற்கு, வனத்துறைக்கு முன்னறிவிப்புகூடத் தேவையில்லை. 'ஆகா' என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள். தங்கம் இருக்கும் நல்ல ஓடைகளில் பெரும்பகுதியை யாரோ ஏற்கெனவே கிளெய்ம் போட்டு வைத்திருப்பார்கள். ஒருவர் 20 ஏக்கர் வரை ஓர் ஆற்றுப் படிவுக் கிளெய்ம் போடலாம். எட்டுப் பேர் சேர்ந்தால் 160 ஏக்கர். நீங்கள் அந்த இடத்தில் நடக்கலாம், குளிக்கலாம், மீன் பிடிக்கலாம். தங்கம் மட்டும் அவருடையது. நீங்கள் ஒரு தட்டு சரளையை எடுத்தாலும் அவர் பார்வையில் திருட்டு.

கிளெய்மின் மூலைகளில் கம்பமோ கற்குவியலோ இருக்க வேண்டும். பனியிலும் வெள்ளத்திலும் அவை காணாமல் போயிருப்பதும் உண்டு. ஆகையால் கம்பத்தை மட்டும் நம்பாதீர்கள். கூட்டரசு நில மேலாண்மைப் பணியகத்தின் பதிவேட்டை இணையத்தில் பாருங்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவாளர் அலுவலகத்திலும் கேட்கலாம். அல்லது நேராக வனத்துறையின் ரேஞ்சர் நிலையத்துக்குப் போய், எங்கே அரிக்கலாம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன். என் கருத்தைக் கேட்டால், குதிரை வண்டிக் காலத்துச் சட்டத்தை இன்னும் தூக்கிச் சுமப்பது அபத்தம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஆபர்ன் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபர்ன் மாநிலப் பொழுதுபோக்குப் பகுதி இருப்பது, கட்டி முடிக்காமல் விட்ட ஓர் அணைக்காகக் கூட்டரசு வாங்கிய நிலத்தில். நடத்துவது மாநிலப் பூங்காத் துறை. அங்கேயும் தட்டும் கையும் மட்டுமே.

இணையத்தில் மோட்டார் பம்ப் வைத்த ஓர் இயந்திரம் விற்கிறார்கள். ஆற்றடியிலிருந்து சரளையை உறிஞ்சித் தங்கத்தைப் பிரித்துக் கொடுக்குமாம். வாங்கலாமா?
– வாசகர், சான் ரமோன்

வாங்காதீர்கள். கலிபோர்னியாவில் 2009-இல் ஆற்றடியை உறிஞ்சும் இயந்திரங்களுக்குத் தடை வந்தது. கூட்டரசு நிலத்தில் மாநிலம் எப்படித் தடுக்கலாம் என்று கேட்டுப் போன வழக்கில், 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடையில் விற்கிறார்கள் என்பதால் ஆற்றில் இறக்கலாம் என்று ஆகிவிடாது.

சால்மன் மீன் கடலிலிருந்து ஏறி வந்து, சரளையில் வாலால் பள்ளம் பறித்து முட்டையிட்டு மூடிவைக்கும். கற்களுக்கு இடையே தண்ணீர் ஓடினால்தான் முட்டைக்கு மூச்சு. உறிஞ்சும் இயந்திரம் சரளையைக் கலைத்து, வண்டலைக் கிளப்பி, கீழே இருக்கும் முட்டைகளின் மேல் போர்த்திவிடும். இரண்டாவது காரணம் பாதரசம். அதைப் பற்றி அடுத்த கடிதமே கேட்கிறது.

போன வாரம் என் தட்டின் அடியில் கருமணலோடு வெள்ளி நிறத்தில் ஒரு சொட்டு உருண்டுகொண்டிருந்தது. கூடவே வெள்ளை பூசியது போல ஒரு துணுக்கு. வெள்ளியா? அடுப்பில் காய்ச்சிப் பார்க்கலாமா?
– வாசகர், ராக்ளின்

தயவுசெய்து காய்ச்சாதீர்கள். நீங்கள் பார்த்தது பாதரசம். வெள்ளைத் துணுக்கு, பாதரசம் பூசிய தங்கமாக இருக்கலாம். அதைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். சமையலறையில் அந்த ஆவியை மூச்சில் இழுத்தால் நுரையீரலும் நரம்பும் கெடும். வீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் ஆபத்து. கையால் தொடாதீர்கள், விரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். பாதரசம் உங்கள் மோதிரத் தங்கத்தையும் பிடித்துக்கொள்ளும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். மறுபடி ஆற்றில் ஊற்றக் கூடாது.

அது எப்படி அங்கே வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லத்தான் போகிறேன். 1850-களில் சியரா மலையடிவாரத்தில் பீரங்கி போன்ற குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளையே கரைத்துத் தங்கம் எடுக்கும் முறை தொடங்கியது. கரைந்த சேற்றை நீண்ட மரத் தொட்டிகளில் ஓடவிட்டு, அடியில் பாதரசத்தை ஊற்றி வைப்பார்கள். தங்கத்தை அது பிடித்துக்கொள்ளும். பிடித்தது போக, கசிந்தும் சிந்தியும் ஆற்றோடு போன பாதரசம் கலிபோர்னியாவில் ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் இருக்கும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வகம் மதிப்பிட்டிருக்கிறது. சேறு கீழே மேரிஸ்வில் வரை போய் வயல்களை மூடியது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 1884-இல் நீதிபதி சாயர், கழிவை ஆற்றில் தள்ளக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நெவாடா கவுண்டியில் மாலக்காஃப் டிகின்ஸ் பூங்காவுக்குப் போனால் கரைத்துவிட்ட மலையின் எலும்பைப் பார்க்கலாம். கோலாரில் நாங்கள் விட்டுவந்த சயனைடு மேடுகளைப் பார்த்துப் பழகிய எனக்கே அங்கே சற்று நேரம் பேச்சு வரவில்லை.

அந்தப் பாதரசத்தில் பெரும்பகுதி சான் ஹோசேக்குத் தெற்கே நியூ அல்மடன் சுரங்கத்திலிருந்து வந்தது. இன்று அது அல்மடன் குவிக்சில்வர் கவுண்டிப் பூங்கா. நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமை தயிர்ச்சாதம் கட்டிக்கொண்டு நடக்கப் போகும் இடம். அங்கே இருக்கும் நீர்த்தேக்கங்களில் பிடித்த மீனைச் சாப்பிடாதீர்கள் என்று பலகை இருக்கிறதே, காரணம் இதுதான்.

ஒரு நாள் முழுக்க அரித்தால் ஒரு மூக்குத்திக்காவது தேறுமா?
– வாசகி, மில்பிடாஸ்

தேறாது அம்மா. கண்ணுக்குத் தெரியும் சில துகள்கள் கிடைத்தால் நல்ல நாள். பெட்ரோல் செலவுக்குக்கூட ஆகாது. கொலோமாவில் முதலில் கண்டெடுத்த மார்ஷலே கையில் காசில்லாமல்தான் 1885-இல் செத்துப்போனார். அவருக்குச் சிலை வைத்த பணம் மட்டும் நிறைய இருந்தது.

மின்னுவது தங்கமா என்று பார்க்க, தட்டின் மேல் உங்கள் நிழலை விழவிடுங்கள். நிழலிலும் அதே மஞ்சள் இருந்தால் தங்கம். வெயிலில் மட்டும் பளிச்சிட்டால் அபிரகமோ (மைக்கா), தங்கம் போல மின்னும் பைரைட் என்ற கனிமமோ. ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், பைரைட் நொறுங்கும்.

அரிக்கும்போது பழைய உலோகப் பொத்தான் ஒன்றும் உடைந்த புட்டிக் கழுத்தும் கிடைத்தன. நினைவாக வைத்துக்கொண்டேன். தவறா?
– வாசகர், டப்ளின்

எடுத்தது மாநில வரலாற்றுப் பூங்காவில் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அனுமதி தங்கம், கல், மணல் போன்ற கனிமத்துக்கு மட்டுமே. பொத்தான், நாணயம், நிசெனன் மக்களின் கல் கருவி எதையும் எடுக்கக் கூடாது. கூட்டரசு நிலத்திலும் நூறாண்டு கடந்த தொல்பொருளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1979-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் சிறைத் தண்டனையும் உண்டு.

எங்கள் தேவாலா, பந்தலூர் ஓடைகளில் தங்கம் இருப்பதாகத் தாத்தா சொல்வார். அமெரிக்காவில் போல நாங்களும் பொழுதுபோக்காக அரிக்கலாமா?
– வாசகர், கூடலூர்

தாத்தா சொன்னது உண்மை. 1880-ஐ ஒட்டி லண்டனில் அந்தத் தங்கத்தைக் காட்டி ஏராளமான கம்பெனிகள் பங்கு விற்றன. சில ஆண்டுகளில் அத்தனையும் கவிழ்ந்தன. அவர்கள் குடைந்துவிட்டுப் போன சுரங்கங்கள் இன்னும் புதர்களுக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

அரிக்கலாமா என்றால், கூடாது. இந்தியச் சட்டத்தில் பொழுதுபோக்குத் தங்கம் என்று ஒரு பிரிவே இல்லை. 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் யாரும் கனிமம் தேடவோ எடுக்கவோ கூடாது. 21-ஆவது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும் இருக்கின்றன. ஓடை காட்டுக்குள் இருந்தால் வனச் சட்டங்களும் சேர்ந்துகொள்ளும். ஏழை ஒருவன் தட்டைப் பிடித்தால் குற்றம், பெரிய நிறுவனம் குத்தகை எடுத்தால் தொழில் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வருத்தம் ஜாமீன் வாங்கித் தராது. அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் மட்டும் தலையை நுழைக்கவே நுழைக்காதீர்கள். காற்று இருக்காது, கூரையும் நிற்காது.

எந்த மாதம் போவது நல்லது?
– வாசகி, எல் டோராடோ ஹில்ஸ்

ஏப்ரல், மே வேண்டாம். பனி உருகி வரும் தண்ணீர், வேகமும் அதிகம், குளிரும் அதிகம். பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போகும். கோடை முடிவிலும் செப்டம்பரிலும் திட்டுகள் வெளியே தெரியும். அப்போதும் கவனம் வேண்டும். கொலோமாவுக்கு மேலே சில்லி பார் அணையிலிருந்து படகு ஓட்டிகளுக்காகத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த கல் கொஞ்ச நேரத்தில் தண்ணீருக்குள் போய்விடும். அன்றைய திறப்பு நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்தில் குழந்தைகளை நிற்கவிடாதீர்கள். மிதவைச் சட்டை போட்டுவிட்டாலும் அப்படித்தான்.